நகமளவுத் தகடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த மனிதர் காரைக் கவனிக்காத ஆள் கிடையாது. கவனிக்காமல் விட்டுவிட்டு, நடுத்தெருவில் வண்டி நின்றதும் தலையில் கைவைத்துக்கொள்கிற கூட்டத்தில் அவரைச் சேர்த்தால் அது பெரிய பாவம். காலையில் பல் தேய்த்த கையோடு பானட்டைத் திறந்துவிடுவார். என்ஜின் ஆயில் கோடு வரை இருக்கிறதா, ரேடியேட்டர் தண்ணீர் கோடு வரை இருக்கிறதா, கண்ணாடி கழுவும் தண்ணீர்கூடக் கோடு வரை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் குனிந்து பார்ப்பார். மயிரிழை குறைந்திருந்தாலும் ஊற்றி நிரப்பிவிட்டுத்தான் காபி. முப்பத்தொரு வருடம் ஒரு செய்தித்தாள் அச்சகத்தில் ராட்சத மெஷினை ஓட்டியவர். அங்கேயே அவருக்கு 'லெவல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் பாதிப் பேருக்கு அவருடைய சொந்தப் பெயர் தெரியாது, லெவல் சார்தான்.

அப்படிப்பட்டவரின் காரில்தான் ஏதோ சத்தம் வருகிறது என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள் அவருடைய மனைவி.

"என்னங்க, கீச்சுன்னு ஒரு சத்தம். முன்சக்கரத்துல இருந்து."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"நல்லாக் கேளுங்க. ஊசி போட்டு இழுக்கிற மாதிரி வருது. பல்லு கூசுது எனக்கு."

அவர் ரேடியோவை அணைத்தார். ஜன்னலை இறக்கினார். தலையை வெளியே நீட்டி, எதிரே வந்த சைக்கிள்காரனிடம் திட்டு வாங்கினார். ஒன்றும் கேட்கவில்லை. டயர் உருளும் சத்தம், என்ஜினின் உறுமல், அவ்வளவுதான். பிரேக்கை அழுத்திப் பார்த்தார்.

"இப்பக் கேக்குதா?"

"இல்ல. பிரேக் போட்டா நின்னுடுது. காலை எடுத்தா மறுபடி ஆரம்பிக்குது."

"அப்ப பிரேக் இல்ல. பிரேக்ல கோளாறுன்னா போடும்போதுதானே சத்தம் வரணும்? உன் காதுலதான் ஏதோ இருக்கு."

பேச்சில் நியாயம் இருப்பதுபோல்தான் இருந்தது. நியாயம்போல் இருக்கிற பேச்சுதான் மனிதனைக் கவிழ்க்கும், அது வேறு விஷயம். அவள் விடவில்லை. கடைக்குப் போகும்போது சொன்னாள், கல்யாண வீட்டுக்குப் போகும்போது சொன்னாள், திரும்பும்போதும் சொன்னாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கடைசியில் காது டாக்டரிடம் போய் வா என்று அவளையே அனுப்பிவைத்தார். அவளும் தனியாகப் போய்விட்டு வந்து, "எல்லாம் நல்லா இருக்காம்" என்று மட்டும் சொன்னாள். அந்த டாக்டருக்கே யாராவது காதைப் பார்க்க வேண்டும் என்று இவர் ஜோக் அடித்தார். அவள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து சத்தத்தைப் பற்றிப் பேசுவதையும் குறைத்துக்கொண்டு, காரில் ஏறினால் சேலைத் தலைப்பைக் காதோடு சேர்த்துப் போர்த்திக்கொள்வாள். அவருக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சத்தம் ஆரம்பிப்பதற்கும் ஒரு மாதம் முன்னால், டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு ஒன்று கண்சிமிட்டியது. மனிதர் பதறவில்லை. காரோடு வந்த புத்தகத்தை எடுத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். பிரேக் ஆயில் குறைந்திருக்கிறது என்று போட்டிருந்தது. பானட்டைத் திறந்தால் ஆமாம், கோட்டுக்குக் கீழே போயிருந்தது. நல்ல ஆயிலாக வாங்கி வந்து கோடு வரை ஊற்றினார். விளக்கு அணைந்தது. அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்திருக்க வேண்டுமே! அதன்பிறகு மூன்று முறை அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. மூன்று முறையும் விடாமல் நிரப்பினார்.

இப்படி இருக்கும்போதுதான் மகளிடமிருந்து போன் வந்தது. மகள் மலைமேல் இருக்கிற ஊரில் டீச்சர். மருமகன் கப்பலில் வேலை, திரும்ப நான்கு மாதம் ஆகும். மாமியார் துணையில் அங்கேயே குழந்தை பிறந்து முப்பது நாள் ஆகிவிட்டது, வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள். பேத்தி! லெவலுக்குக் கால் தரையில் பாவவில்லை. கைக்குழந்தைக்கான இருக்கை வாங்கிவந்து, பின்சீட்டில் பொருத்தி, அது ஆடுகிறதா என்று கையால் பத்துத் தடவை உலுக்கிப் பார்த்தார். மலைப்பாதையில் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள். எந்த வளைவில் எந்தக் கியர் என்று அவருக்கு மனப்பாடம்.

கிளம்புவதற்கு முதல்நாள் காலை, அவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"நான் நாளைக்கு பஸ்ல வரேன்."

"என்னது?"

"மேல போறதுக்கும் பஸ். இறங்குறதுக்கும் பஸ். பொண்ணும் குழந்தையும் என்கூட பஸ்லதான் வருவாங்க. நீங்க வேணும்னா காரை ஓட்டிக்கிட்டு பின்னாடியே வாங்க."

அவருக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. முப்பத்தைந்து வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் இப்படிக் கறாராக ஒரு பேச்சுப் பேசியதில்லை. "பச்சைக் குழந்தையை பஸ்ல தூக்கிட்டு வருவியா? உனக்கென்ன பைத்தியமா?" என்று கத்தினார். "அந்தச் சத்தம் போனாத்தான் குழந்தை அந்த வண்டியில ஏறும்" என்றாள் அவள். கத்தவில்லை, அழவில்லை. அதுதான் அவரை அதிகம் தொந்தரவு செய்தது.

சரி, இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று முடிவெடுத்து, சாட்சிக்கு ஆள் பிடித்தார். யாரை? தன் பழைய கூட்டாளி மசியை. அதே அச்சகத்தில், அதே மெஷினுக்கு மறுபக்கம் நின்று இருபத்தெட்டு வருடம் மை ஊற்றியவர். நியாயமான மனிதர், முகத்துக்கு நேராகப் பேசுகிறவர், நண்பன் என்பதற்காகப் பொய் சொல்ல மாட்டார். எல்லாம் சரிதான். இதைவிடப் பொருத்தமான சாட்சியை உலகத்தில் தேடிப் பிடிக்க முடியாது என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அவர்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை.

மசி முன்சீட்டில் ஏறிக் கண்களை மூடிக்கொண்டார், ஏதோ கச்சேரி கேட்கப் போகிறவர் மாதிரி. மனைவி பின்சீட்டில், காலியான குழந்தை இருக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கார் தெருவில் மெதுவாக உருண்டது.

"ஏதாவது கேக்குதாடா?"

"உன் என்ஜின் சத்தந்தான் கேக்குது. தேன் மாதிரி ஓடுதுடா வண்டி."

"கேட்டியா?" என்று வெற்றியோடு கண்ணாடியில் பின்னால் பார்த்தார். அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள். மருந்துக்கடை வாசலில் படுத்திருந்த நாய் தலையைத் தூக்கி, காதை மடக்கிக்கொண்டு, எழுந்து சந்துக்குள் ஓடியது. அதையும் அவர் பார்த்தார். நாய்க்கு என்ன அவசரமோ என்று நினைத்துக்கொண்டார்.

தெரு முடிகிற இடத்தில் ஒரு மெக்கானிக் ஷெட் உண்டு. முப்பது வயது தாண்டிய ஒரு பெண் நடத்துகிறாள். தன் வண்டியைத் தானே பார்த்துக்கொள்கிற லெவல் அங்கே ஒருநாளும் காலை வைத்ததில்லை. அந்தப் பெண் ஒரு வேனுக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தாள், இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. இவர்கள் கார் திருப்பத்தில் திரும்பியதுதான் தாமதம், அந்தக் கால்கள் அசைந்தன. அவள் வேனுக்கு அடியிலிருந்து வெளியே வந்து, ஸ்பானரைப் பிடித்திருந்த கையை நீட்டிக் காரை நிறுத்தினாள்.

"சார், எத்தனை நாளா இப்படிக் கத்துது?"

லெவல் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "என்னது கத்துது?" என்றார்.

"உங்க பிரேக்தான் சார். தெருக்கோடியில இருந்து கேக்குதே!"

பின்சீட்டில் அவருடைய மனைவி காதிலிருந்து கையை எடுத்தாள். "பாத்தீங்களா" என்று அவள் ஒரு தடவை சொல்லியிருந்தால்கூட அவர் சண்டைக்குப் போயிருப்பார். அவள் சொல்லாததால் சாவியை எடுத்து மெக்கானிக்கிடம் நீட்டினார்.

காரை உள்ளே விட்டு, ஜாக்கி போட்டுத் தூக்கி, முன்சக்கரத்தைக் கழற்றினாள் மெக்கானிக். உள்ளே வட்டமான இரும்பு டிஸ்க் தெரிந்தது. அதன் ஓரத்தில், யாரோ காம்பஸ் வைத்து வரைந்ததுபோல, மெல்லிய பளபளப்பான கோடு ஒன்று முழு வட்டமாக ஓடியது. அவள் இரண்டு கையாலும் டிஸ்க்கைப் பிடித்து வேகமாகச் சுழற்றினாள்.

மனைவியின் முகம் சுருங்கியது. மெக்கானிக்கின் முகமும் அதே நொடியில் சுருங்கியது. வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த வேன் டிரைவர்கூட "யப்பா!" என்று தோளை உதறினான். லெவல் மசியைப் பார்த்தார். மசி லெவலைப் பார்த்தார். அவர்கள் இரண்டு பேருக்கும் டிஸ்க் சுழல்வது தெரிந்தது, லேசாக உரசுகிற ஒரு 'சர்' கேட்டது, வேறு எதுவுமே கேட்கவில்லை.

"இப்ப... சத்தம் வந்துச்சா?" என்று மெதுவாகக் கேட்டார்.

மெக்கானிக் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மசியைப் பார்த்தாள். "சார், நீங்க ரெண்டு பேரும் எங்க வேலை பாத்தீங்க?"

"பிரஸ்ல" என்றார் மசி. "பெரிய மெஷின். ரெண்டு பேரும் ஒரே மெஷின்."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே விளங்கிவிட்டது. இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை. இருபத்தெட்டு வருடம் ஒருவரை ஒருவர் கத்திக் கூப்பிட்டு, கையால் ஜாடை காட்டி வேலை செய்த இரண்டு மனிதர்கள், காரில் கீச்சுச் சத்தம் வருகிறதா என்று தீர்ப்புச் சொல்லக் கிளம்பியிருக்கிறார்கள்.

"எங்கப்பாவும் மில்லுல இருந்தவர்தான்" என்றாள் மெக்கானிக், கேலி இல்லாமல். "கனமான சத்தமெல்லாம் கேக்கும். மெல்லிசாக் கீச்சுன்னு வர்றது மட்டும் போயிடும். போனதே தெரியாது. சார், கையைக் கொடுங்க."

அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து, டிஸ்க்கைக் கவ்வியிருந்த கவ்விக்குள், பிரேக் போடும்போது டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற பேடின் முதுகோரத்தில் கொண்டுபோய் வைத்தாள். "இங்கயே வச்சிருங்க, டிஸ்க்குல படாம" என்றாள். மறுகையால் டிஸ்க்கைச் சுழற்றினாள்.

விரல் நுனியில் அது வந்தது. மின்சாரம்போல இல்லை, அதைவிட மென்மையாக. கையில் அகப்பட்ட சின்னக் குருவி நடுங்குகிற மாதிரி, நுணுக்கமாக, விடாமல், அவசரமாக. டிஸ்க் நிற்கிற வரை அது நடுங்கியது. அவர் மூச்சை நிறுத்திக்கொண்டு நின்றார். "இன்னொரு தடவை" என்றார். அவள் சுழற்றினாள். "இன்னொரு தடவை" என்றார் மறுபடியும். இரண்டு மாதமாகத் தன் காலடியில் கதறிக்கொண்டிருந்ததை அந்த மனிதர் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டார், விரலால்.

பிறகு அவள் பேடைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள். இரும்புத் தட்டு, அதன்மேல் ஒட்டியிருக்கிற கறுப்புப் பொருள். புதிதாக இருந்தபோது விரல் கனம் இருந்திருக்க வேண்டிய அந்தக் கறுப்பு, தேய்ந்து தேய்ந்து ஒரு அட்டை கனத்துக்கு வந்திருந்தது. அந்தத் தட்டின் ஓரத்தில் வளைந்த சின்னத் தகடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் நகமளவுதான் இருக்கும். அதன் நுனி மட்டும் வெள்ளியாக மின்னியது.

"இதுதான் சார் கத்தினது. பேடு நல்லா இருக்கிற வரைக்கும் இது டிஸ்க்கைத் தொடவே தொடாது. இவ்வளவு தேய்ஞ்சப்புறம்தான் தொடும். தொட்டாக் கீச்சுன்னு கத்தும். பிரேக் போட்டா அழுத்தத்துல அடங்கிடும், காலை எடுத்தாத் திரும்பக் கத்தும். வண்டியில இருக்கிறவங்களுக்குப் பொறுக்கக் கூடாது, அதுக்காகவே வச்சிருக்காங்க."

லெவல் அந்தத் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மெஷினோடு வாழ்ந்த மனிதர், மெஷினின் அழகு அவருக்குத் தெரியாதா? மோட்டார் இல்லை, ஒயர் இல்லை, பேட்டரி இல்லை. வளைத்துவிட்ட ஒரு துண்டு இரும்பு! யாரோ ஒருத்தன், எங்கேயோ ஒரு மேஜையில் உட்கார்ந்து, இவரைப் பற்றி யோசித்திருக்கிறான். இந்த ஆள் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க மாட்டான், மேலே தெரிகிற கோட்டை மட்டும்தான் பார்ப்பான், அப்படியும் இவன் சாகக் கூடாது என்று நினைத்திருக்கிறான். இவருடைய பெயர் தெரியாது, முகம் தெரியாது, இவருக்குப் பேத்தி பிறக்கப் போகிறாள் என்று தெரியவே தெரியாது. ஐம்பதாயிரம் கிலோமீட்டர், மழையிலும் சேற்றிலும், வாயே திறக்காமல் காத்திருந்து, வேளை வந்ததும் தன் உடம்பையே உரசிக்கொண்டு கத்தும்படி ஒன்றைச் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். லெவலுக்கு உடம்பு சிலிர்த்தது. கோவிலில்கூட அவர் இப்படி நின்றதில்லை.

"எவன்டா யோசிச்சான் இதை!" என்றார் மசியிடம். மசி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், எதற்கென்று அவருக்கே தெரியாது.

புதிய பேடு போடுவதற்காக, மெக்கானிக் பேடை அழுத்துகிற பிஸ்டனை மெல்லப் பின்னால் தள்ளினாள். அப்போது பானட்டுக்குள்ளிருந்து ஏதோ வழிந்து தரையில் சொட்டியது. எட்டிப் பார்த்தாள். பிரேக் ஆயில் டப்பா நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"இதுல யாரு சார் ஆயில் ஊத்தினது?"

"நான்தான். குறைஞ்சுது. சிவப்பு விளக்கு எரிஞ்சுது. கோடு வரைக்கும் ஊத்தினேன்." சொல்லும்போதே அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"ஆயில் எங்கயும் போகல சார். பேடு தேயத் தேய பிஸ்டன் வெளிய வரும், அந்த இடத்தை ரொப்ப ஆயில் இறங்கும். குறையுதுன்னாலே பேடைப் பாருன்னு அர்த்தம். நீங்க அதோட வாயை அடைச்சிருக்கீங்க."

விளக்கு ஒரு தடவை கூப்பிட்டது, அணைத்தார். ஆயில் மூன்று தடவை கூப்பிட்டது, நிரப்பினார். தகடு இரண்டு மாதமாகக் கூப்பிட்டது, கேட்கவில்லை. பின்சீட்டிலிருந்து ஒருத்தி கூப்பிட்டாள், அவளைக் காது டாக்டரிடம் அனுப்பினார். அவர் ஒரு டயர்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"நாளைக்கு இருபத்திரண்டு வளைவு இறங்கணும்" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "குழந்தையோட."

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். "அக்கா பிடிவாதம் பிடிச்சது நல்லதாப் போச்சு சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த சக்கரத்தைக் கழற்றப் போனாள்.

மனைவி வந்து பக்கத்து டயரில் உட்கார்ந்தாள். அவர் தகட்டோடு இருந்த பழைய பேடை இன்னும் கையில் வைத்திருந்தார்.

"டாக்டர் அன்னிக்கு உங்கிட்ட வேற என்ன சொன்னார்?"

"வீட்ல டிவி சத்தத்தை யாரு ஏத்தி வைப்பாங்கன்னு கேட்டார். நீங்கதான்னு சொன்னேன். அடுத்த தடவை அவரைக் கூட்டிட்டு வாங்கம்மான்னார்."

"அப்ப அன்னிக்கே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா மறுநாள்ல இருந்து நீங்க காரைத் தொட மாட்டீங்க. எனக்குத் தெரியாதா உங்களை? பேத்தியை நான்தான் ஓட்டிட்டு வருவேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிறீங்க. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல." தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா குழந்தைன்னு வந்தப்புறம் எனக்கு பயமாப் போச்சுங்க."

அவருக்குக் கண் கலங்கியது. மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அந்த மனிதருக்கு இல்லை, அன்றும் வரவில்லை. "இனிமே உனக்கு என்ன கேட்டாலும் சொல்லு. நான் திட்டினாலும் சொல்லு" என்றார். "சொல்லாம வேற என்ன பண்ணப் போறேன்" என்றாள் அவள். அடுத்த வாரம் காது டாக்டரிடம் தானும் வருவதாக அவராகவே ஒத்துக்கொண்டார். மசியும் கூட வருவதாகச் சொன்னார்.

மறுநாள் மூன்று பேரும் ஒரு சிசுவுமாக மலையிறங்கினார்கள். மகளும் மனைவியும் பின்னால், நடுவே இருக்கையில் பேத்தி. ஒவ்வொரு வளைவிலும் புதிய பேடுகள் வெண்ணெய்போல் பிடித்தன. ஒவ்வொரு வளைவிலும் அவர் கண்ணாடியில் பார்த்து, "ஏதாவது கேக்குதா?" என்றார். "ஒண்ணும் இல்ல, ஓட்டுங்க" என்றாள் மனைவி. எட்டாவது வளைவுக்குள் மகளுக்கு அலுத்துவிட்டது. "அப்பா, நீங்க கேக்கற சத்தந்தான்ப்பா பெரிய சத்தமா இருக்கு!" என்றாள்.

பதினைந்தாவது வளைவு தாண்டியதும் மனைவி சட்டென்று சொன்னாள், "ஏங்க, கேக்குது."

அவர் உடனே வேகத்தைக் குறைத்தார். பாதையோரம் அகலமாக இருந்த இடத்தில் ஒதுக்கி நிறுத்தி, என்ஜினை அணைத்து, கைபிரேக்கை இழுத்துவிட்டு, இறங்கி ஓடிவந்து பின்கதவைத் திறந்தார். "எந்தச் சக்கரம்?"

"சக்கரம் இல்ல. இவதான்."

பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். தூக்கத்திலேயே உதடு குவிந்து குவிந்து விரிந்தது. மகள் குனிந்து பார்த்துச் சிரித்தாள். "எலிக்குஞ்சு மாதிரி கீச்சுக்கீச்சுன்றாப்பா. ஒரு வாரமா இப்படித்தான், கனவு கண்டா சத்தம் போடுறா."

அவர் காதைக் கிட்டே கொண்டுபோனார். காற்று கேட்டது. கீழே எங்கேயோ லாரி ஏறுகிற சத்தம் கேட்டது. குழந்தையிடமிருந்து ஒன்றுமே கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்த மகளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அம்மாவைப் பார்த்தாள்.

மனைவி பையிலிருந்து ஈரத்துணியை எடுத்து, அவருடைய வலதுகை ஆள்காட்டி விரலை நன்றாகத் துடைத்தாள். கிரீஸ் கறை நகத்தோரம் இன்னும் போகவில்லை, அதைத் திரும்பத் துடைத்தாள். பிறகு அந்த விரலைப் பிடித்துக் குழந்தையின் நெஞ்சுமேல், சட்டைத் துணிக்கு மேலாக, மெதுவாக வைத்தாள்.

வந்தது. நுணுக்கமாக, அவசரமாக, சின்னக் குருவி நடுங்குகிற மாதிரி. நின்றது. மறுபடி வந்தது.

"கேக்குதா?" என்றாள்.

"கேக்குது, கேக்குது" என்றார் அவர். விரலை எடுக்கவில்லை. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துவிட்டுத் தாண்டிப் போனது.